வெறும் கயிற்றைப் படம் பிடித்த நாள்

எங்கள் கழகத்துக்கு முதலாளி என்று யாரும் இல்லை. வெளிநாட்டுக் கழகங்களுக்கு முதலாளிகள் இருப்பார்கள், அவர்களைப் பிடிக்காத ரசிகர்கள் மைதானத்துக்குப் போகாமல் இருந்து எதிர்ப்பைக் காட்டுவார்கள் என்பதெல்லாம் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். எங்களுடையது தர்மபுரத்திலிருந்து உள்ளே திரும்பும் கிரவல் வீதியில், ஊரவர்கள் பற்றை வெட்டித் துப்புரவாக்கிய ஒரு மைதானமும், விதிகள் எழுதிய ஒரு யாப்பும், ஆண்டுக்கொரு பொதுக்கூட்டமும் உள்ள சாதாரண விளையாட்டுக் கழகம். இரண்டு வருடங்களுக்கு முந்திய பொதுக்கூட்டத்தில், கனடாவிலிருந்து திரையில் தோன்றிய, கழகத்துக்குப் பணம் தரும் எங்கள் போசகர், ‘நிரந்தரத் தலைவர்’ என்றொரு பதவியை யாப்பில் சேர்த்தால் நல்லது என்றார். கையை உயர்த்தச் சொன்னார்கள். நானும் உயர்த்தினேன்.

அவர் எங்கள் ஊரில் பிறந்து, இளவயதில் வெளியேறி, அங்கே கடைகள் வைத்திருப்பவர். அவர் செய்தவற்றை ஒரு தாளில் இரண்டு நிரல்களாக எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு விஷயம் குழப்பினால் நான் செய்வது அதுதான். குளக்கட்டு, வாய்க்கால், மதகுத் திருத்தங்களுக்கு அளவெடுத்து வரைபடம் போடுவது என் தொழில். எதையும் நிரலில் போட்டால்தான் தலை கொஞ்சம் அடங்கும். இடது பக்கத்தில் எழுதியவை: மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி, குழாய்க்கிணறு, பெண்களுக்கு மலசலகூடம், பெண்கள் அணிக்கு பூட்ஸ். அந்தப் பூட்ஸ் வந்திராவிட்டால் பெண்கள் அணி என்ற ஒன்றே உருவாகியிருக்காது. வலது பக்கத்தில் எழுதியவை: வேலிக்குப் பூட்டுப் போட்ட கேற், பச்சை ஜேர்சி போய் அவருடைய கடையின் செம்மஞ்சள் வந்தது, கழகத்தின் பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பனாரின் பெயர், ஆண்கள் அணியில் ஆறு வெளியூர்க்காரர் விளையாட எங்கள் ஊர் ஆட்கள் வெளியே வாங்கிலில் குந்தியிருப்பது, அவரே நிரந்தரத் தலைவர் ஆனதால் தேர்தல் இல்லை. இடது பக்கம் நான்கு, வலது பக்கம் ஐந்து. இதைக் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பது எனக்கும் தெரியும்.

ஊருக்கு உறைத்தது கேற்தான். பெயரையும் நிறத்தையும் முணுமுணுத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் பின்னேரத்தில் நடக்கப் போன பெண்களும், மோட்டர் சைக்கிள் ஓடப் பழகியவர்களும், சும்மா பந்தை உதைக்கப் போனவர்களும் பூட்டைப் பார்த்துத் திரும்பி வந்தபோது கதை மாறியது. திறப்பு போசகரின் மச்சானிடம் இருந்தது. அவரிடம் கேட்டால், “பொறுங்கோ, அவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்” என்பார். கனடாவில் அப்போது நித்திரை நேரமாக இருக்கும்.

அந்த ஆண்டு எங்கள் மைதானத்தில் நடக்கவிருந்த முதலாவது போட்டிநாளைப் பகிஷ்கரிப்பது என்று வாசிகசாலையில் கூடிப் பேசினார்கள். பழைய செயலாளர் அண்ணை கூட்டத்தை நடத்தினார். அவர் உழவு இயந்திரம் வைத்திருப்பவர். கதைக்கும்போதும் ஏதோ இரைச்சலுக்கு மேலால் கதைப்பதுபோல உரத்துத்தான் கதைப்பார். அவருக்குப் பக்கத்தில் அறிவிப்பாளர் மாமா. எங்கள் மைதானத்தில் ஒலிபெருக்கி பிடிப்பவர் அவர்தான். வீட்டில் கீரை கேட்கும்போதுகூட அவருக்கு இலக்கணத் தமிழ் வந்துவிடும் என்று மாமி சொல்வா. கோரிக்கைகளை ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் என்று என்னிடம் தாளைத் தந்தார்கள்.

கேற்றைத் திறப்பது, தேர்தல் வைப்பது என்று ஐந்து கோரிக்கைகளை எழுதிவிட்டு, ஆறாவதாகப் பகிஷ்கரிப்பின் விதிகளை எழுதத் தொடங்கினேன். மைதானத்துக்குள் போவதில்லை. வேலிக்கு வெளியிலும் நிற்பதில்லை. அறிவிப்பு இல்லை.

“லைவும் வேண்டாம்” என்றேன். கழகத்தின் போட்டிகளை முகநூலில் நேரலையாகப் போடுவது நான். மூன்று வருடமாக என் போனிலும் என் ஸ்ராண்டிலும்தான் அது ஓடிக்கொண்டிருந்தது.

“லைவ் இல்லாட்டி அவருக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும், ஒருத்தரும் வரேல்லை எண்டு?” என்றார் மாமா. “அங்கையிருந்து மணந்து பாப்பாரோ?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“மாமா சொல்லுறது சரி” என்றார் செயலாளர் அண்ணை. “மச்சான்காரர் தன்னைச் சுத்திப் பத்துப்பேரை நிப்பாட்டிப்போட்டுப் படம் அனுப்புவார். மைதானம் நிறைஞ்ச மாதிரித் தெரியும். நீர் ஒராள் போம். கமெராவைச் சனம் நிக்கிற கயித்துப் பக்கம் பாக்க வையும். முழு நேரமும் அந்தாள் வெறுங்கயித்தைப் பாக்கட்டும்.”

எங்கள் மைதானத்தில் பார்வையாளர் நிற்கும் பக்கத்தில் தடிகள் நட்டு ஒரு நைலோன் கயிறு கட்டியிருக்கும். போட்டி நாளில் அதன் முழு நீளத்துக்கும் ஆட்கள் வயிற்றை முட்டிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் மோட்டர் சைக்கிள்களின் மேல் இன்னொரு வரிசை. அந்தக் கயிறு வெறுமையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

“அண்டைக்கு முதல் மட்ச் பெண்களின்ரை” என்றேன். “அதை விட்டிட்டு, ஆண்கள் மட்ச்சுக்கு மட்டும் செய்வமோ?”

“ஒண்டுக்குச் சனம் நிண்டாக் காணும்” என்றார் செயலாளர் அண்ணை. “மச்சான்காரர் அந்தப் படத்தை மற்றதுக்கும் போட்டிடுவார். எல்லாப் போட்டியும் எண்டு எழுதும்.”

நான் எழுதினேன். ‘கழகத்தின் எல்லாப் போட்டிகளும்.’ ஏன் வாதாடவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். வேலையில் கற்ற பழக்கம் ஒன்று எனக்கு உண்டு: வரைபடத்தின் மூலையில் ‘இந்த இடம் தவிர’ என்று எழுதினால், ஒப்பந்தக்காரர் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு முழு வேலையையும் குழப்பிவிடுவார். விதிவிலக்கு இல்லாத வரி அழகாக இருக்கும். அந்த அழகுக்கு நான் மயங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பெண்கள் அணியின் கோல் கீப்பர் என் தங்கச்சி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். அதுவரை மாற்று ஆட்டக்காரியாக வாங்கிலில் இருந்தவளுக்கு அன்றுதான் முதல் தடவையாகக் கோலில் நிற்கக் கிடைத்தது. கட்டாரில் வேலை செய்யும் அப்பா போய் ஐந்து வருடமாகிறது. அவர் போகும்போது தங்கச்சி பந்தைத் தொட்டதில்லை. அவள் விளையாடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் மூன்றரை மணி அவருக்கு ஒரு மணி, சாப்பாட்டு இடைவேளை. பெண்கள் போட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். நேரலையில் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் ஒரு கிழமைக்கு முன்னரே பேசி வைத்திருந்தார்கள்.

கூட்டம் முடிந்து வந்த அன்று பின்னேரம் அவள் குசினிக்குள் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஒருத்தரும் வரமாட்டினமோ?”

“உனக்கு எதிரா ஒருத்தரும் இல்லையடி.”

“நான் கேட்டது அதில்லை. வருவினமோ வரமாட்டினமோ?”

“வரமாட்டினம்.”

“நீ?”

“நான் வருவன். லைவுக்கு.”

துருவலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்ப அப்பா பாப்பார்” என்றாள். பிறகு திரும்பித் துருவத் தொடங்கினாள்.

கமெரா எந்தப் பக்கம் பார்க்கப் போகிறது என்பதை நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், அம்மா உள்ளே வந்துவிட்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா வந்தது உண்மை. ஆனால் அம்மா போன பிறகும் அவளும் நானும் அங்கேதான் நின்றோம்.

“நான் போகாட்டி இவளுக்குக் கோவம், போனா ஊருக்குக் கோவம்” என்று அம்மா அரிசியைக் களைந்துகொண்டு சொன்னா. “நான் வீட்டிலை இருந்து போனிலை பாக்கிறன். அதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேலாதுதானே.”

போட்டி நாள் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனின் சார்ஜை மூன்று தடவை பார்த்தேன். ஸ்ராண்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். காற்றுக்குக் கமெரா ஆடிவிடக் கூடாது. மேலதிக மின்கலம், டேட்டா, தலைக்குத் துணி, தண்ணீர்ப் போத்தல். எல்லாம் சரிபார்த்த பிறகும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்ற எண்ணம் போகவில்லை. மோட்டர் சைக்கிளில் பாதி தூரம் போய், நிறுத்தி, பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மீண்டும் போனேன்.

மைதானத்தில் ஒருவரும் இல்லை. நினைத்ததைவிட அது மோசமாக இருந்தது. நடுவர்கள், இரண்டு அணிப் பெண்கள், முன்வரிசைக் கதிரைகளில் போசகரின் மச்சானும் இன்னும் மூன்று பேரும். ஒலிபெருக்கியை மச்சானே பிடித்திருந்தார். அவர் செருமியதும் அது மைதானம் முழுக்கக் கேட்டது. செம்மஞ்சள் கொடிகள் அடித்துக்கொண்டிருந்தன.

எதிரணி நாயாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு சிறிய பஸ்ஸில் வந்திருந்தது. அவர்களுடைய பயிற்றுநர் அக்கா என்னிடம் வந்தா.

“தங்கச்சி, ஊரிலை ஆரும் செத்துப்போச்சினமோ?”

“இல்லை அக்கா.”

“இல்லை, சனத்தைக் காணேல்லை. செத்தவீடெண்டா இரண்டு நிமிசம் மௌனமா நிண்டிட்டுத் தொடங்குவம் எண்டு கேட்டனான்.”

பகிஷ்கரிப்பு என்றேன். அவ கயிற்றைப் பார்த்தா, கதிரைகளைப் பார்த்தா, கோலை நோக்கி நடந்துகொண்டிருந்த என் தங்கச்சியைப் பார்த்தா. “இந்தப் பிள்ளையளுக்கு எதிராயோ?” என்றா. நான் விளக்கத் தொடங்கினேன். மூன்றாவது கோரிக்கையில் நிற்கும்போது நடுவர் விசில் ஊதிவிட்டார்.

கமெராவைக் கயிற்றுப் பக்கம் வைத்தேன். திரையில் கயிறு, அதற்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் வெயில். நேரலை தொடங்கியதும் வழக்கமாக இருபது முப்பது பேர் வருவார்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர். அன்று எண் ஏறிக்கொண்டே போனது. ஐம்பது, எண்பது, நூறு தாண்டியது. கருத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ‘வெறும் கயிறு. செம.’ ‘அப்பிடியே பிடியுங்கோ.’ செயலாளர் அண்ணை ஒரு கைதட்டும் படம் போட்டார். போராட்டம் வென்றுகொண்டிருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு அப்பாவின் செய்தி வந்தது. அது பொதுக் கருத்தில் அல்ல, எனக்கு மட்டும்.

‘பிள்ளை, கமெரா மற்றப்பக்கம் பாக்குது.’

நான் பதில் போடவில்லை. இடது பக்கத்தில் பந்து உதைபடும் சத்தம், பெண்களின் கூப்பாடு. தங்கச்சி, “என்ரை, என்ரை, விடு” என்று கத்துவது கேட்டது. திரையில் கயிறு.

‘காத்துக்குத் திரும்பிப்போட்டுது போல. கவனி.’

அவர் என்னைக் குறை சொல்லவேயில்லை. காற்றைத்தான் சொன்னார். முதல் பாதி முடிந்த பிறகும் நான் கமெராவை அசைக்கவில்லை. என் கண் மட்டும் அங்குமிங்கும் ஓடியது: தங்கச்சி, திரை, எண், அப்பாவின் பெயர், மறுபடி தங்கச்சி. அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் நின்றதால் கமெராவின் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. கையுறையைத் தூக்கிக் காட்டினாள். அப்பாவுக்குத்தான் காட்டினாள்.

இரண்டாம் பாதி முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது எங்கள் பின்வரிசைப் பெண் ஒருத்தியின் கையில் பந்து பட்டது. நடுவர் கோலுக்கு முன்னாலுள்ள புள்ளியைக் காட்டினார். தண்ட உதை.

‘எனக்கு நேரமாகுது பிள்ளை. தங்கச்சி எங்க நிக்கிறா?’

நான் ஸ்ராண்டின் கழுத்தைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பவில்லை. காலையில் நானே இறுக்கிய திருகாணி. அதைத் தளர்த்த விரல்கள் வழுக்கின. விசில் சத்தம். காலடிச் சத்தம். ஒரு ‘தொம்’ என்ற சத்தம், அதற்கு உடனே பின்னால் இன்னொரு சத்தம், தோலில் தோல் படுவதுபோல. திருகாணி விட்டது. கமெரா அங்கே போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி நிலத்தில் குப்புற விழுந்து கிடந்தாள். பந்து அவளுடைய வயிற்றுக்குக் கீழே. எங்கள் பெண்கள் அவளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

‘விழுந்திட்டாளோ?’ என்று அப்பாவிடமிருந்து வந்தது. ‘அடிபட்டதோ? நான் போறன், ஆள் கூப்பிடுது.’

பிடித்துவிட்டாள் அப்பா என்று நான் எழுதியபோது அவர் இணைப்பில் இல்லை.

போட்டி கோல் இல்லாமல் முடிந்தது. ஆண்கள் போட்டிக்குக் கமெராவை மறுபடியும் கயிற்றுப் பக்கம் திருப்பி வைத்தேன். அதற்குள் எதற்காகத் திருப்புகிறேன் என்ற தெளிவு எனக்குப் போய்விட்டிருந்தது. ஒப்புக்கொண்ட வேலை என்பதால் செய்தேன்.

அன்று பின்னேரமே போசகர் முகநூலில் பதிவு போட்டார். செம்மஞ்சள் பின்னணியில் இரண்டு கை கூப்பிய படம். ‘எமது கழக வரலாற்றில் இதுவரை இல்லாத அளவில் நேரலையில் இணைந்த உறவுகள் அனைவருக்கும் நன்றிகள்.’ பார்த்தவர்களின் எண்ணிக்கையையும் போட்டிருந்தார். கயிறு வெறுமையாக இருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருவேளை அவர் அதைக் கவனிக்கவே இல்லை. போட்டி தொடங்கியபோது அவருக்கு அங்கே காலை ஆறு மணி. எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கலாம்.

செயலாளர் அண்ணைக்கு அழைத்தேன்.

“அண்ணை, நீங்கள் லைவ் பாத்தீங்களோ?”

“பாத்தனான்தானே. நான் போகேல்லையே.”

“வீட்டிலை வேற ஆர் பாத்தது?”

“மனிசி தன்ரை போனிலை பாத்தவா. மகள் தன்ரையிலை.” கொஞ்சம் நிறுத்தினார். “ஏன்?”

“அப்ப உங்கட வீட்டிலை மட்டும் மூண்டு பேர்.”

“மூண்டு” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அவர் எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஊர் முழுக்க, மைதானத்துக்குப் போகாத ஒவ்வொரு வீட்டிலும், கயிறு வெறுமையாக இருக்கிறதா, யாராவது துரோகம் செய்துவிட்டார்களா என்று ஆளுக்கொரு போனில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். போசகருக்கு அவ்வளவு ரசிகர்களை நாங்கள் ஒருநாளும் சேர்த்துக் கொடுத்ததில்லை.

“என்ன விசர் வேலை பாத்திருக்கிறம்” என்றார் கடைசியில்.

அன்றிரவு தங்கச்சி நேரலைப் பதிவை என் போனில் போட்டுப் பார்த்தாள். முதலில் வேகமாக ஓட்டினாள். பிறகு மெதுவாக. பிறகு தண்ட உதை வந்த இடத்தைத் தேடிப்பிடித்து, திரும்பத் திரும்ப அதையே போட்டாள். கயிறு, சத்தம், ஆடும் வானம், பிறகு அவள் நிலத்தில்.

“என்ரை கையிலை படுற சத்தம் மட்டும் கேக்குது” என்றாள்.

“திருகாணி இறுகிப்போச்சுது.”

“அதுக்கு முதல்? முழு மட்ச்சும் ஏன் கயித்தைப் பாத்துக்கொண்டு நிண்டது?”

சொன்னேன். கூட்டத்தில் பேசியதை, யார் சொன்னது, நான் எழுதியது, குசினிக்குள் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வரிசையாகச் சொன்னால் நியாயமாகக் கேட்கும் என்று நினைத்தேன்போல. கேட்கவில்லை.

“அந்தாள் எனக்குப் பூட்ஸ் வாங்கித் தந்தவர்” என்றாள். “நீங்கள் எல்லாரும் சேந்து அப்பாவுக்குக் கயித்தைக் காட்டினீங்கள்.”

“அவர் கேற்றைப் பூட்டினவரடி.”

“பூட்டினது பிழைதான். நான் இல்லையெண்டு சொன்னனானோ?” போனை மேசையில் வைத்தாள். “ஆனா அந்தப் பூட்டை நானோ போட்டனான்?”

அவள் எழுந்து போன பிறகு நான் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். வேலிவரை போவது, திரும்புவது. அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கப் பார்த்தேன். பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் ஊர்களில், போகாமல் இருப்பது முதலாளிக்குப் போய் வலிக்கும். எங்களிடம் நுழைவுச்சீட்டே கிடையாது. எங்களிடம் நிறுத்திவைக்க இருந்தது கயிற்றில் வந்து நிற்பது ஒன்றுதான். அப்படி நிற்பதால் போசகருக்கு ஒரு இலாபமும் இருக்கவில்லை, அது இல்லாததால் நட்டமும் இல்லை. அது முழுக்க முழுக்க விளையாடுகிறவர்களுக்குரியது. அவர்களிடமிருந்து அதை எடுத்து அவரை அடிக்கப் பார்த்திருக்கிறோம்.

அதற்காக, ஒன்றும் செய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பூட்டு பூட்டுத்தான். தேர்தல் இல்லாத கழகம், எத்தனை பூட்ஸ் வந்தாலும், இன்னொருவருடைய வீட்டு முற்றம் போலத்தான். நான் எழுதிய ஐந்து கோரிக்கைகளில் ஒன்றையும் இன்றுவரை வெட்டவில்லை. ஆறாவதில்தான் பிழை. அந்தப் பிழை யாருடைய கையெழுத்தில் இருக்கிறது என்பதுதான் என்னை இருக்க விடவில்லை.

அடுத்த போட்டிநாள் மூன்று கிழமைக்குப் பிறகு, புதுக்குடியிருப்பு அணியோடு. வாசிகசாலையில் மறுபடி கூடினோம்.

“இந்த முறை லைவும் இல்லை” என்றார் செயலாளர் அண்ணை. “பிள்ளை முதலே சொன்னவா, நாங்கள்தான் கேக்கேல்லை. எழுதும்.”

“எழுதுறன் அண்ணை. ஆனா ‘எல்லாப் போட்டியும்’ எண்டதை வெட்டுறன். பெண்கள் மட்ச்சுக்கு எல்லாரும் வாறது. ஆண்கள் மட்ச் தொடங்கேக்கை வெளிக்கிட்டுப் போறது.”

“வந்திட்டுப் போறதோ?” என்றார் மாமா. “அதென்ன, கல்யாண வீட்டிலை சாப்பிட்டிட்டுத் தாலி கட்ட முதல் போற மாதிரி?”

“ஓம் மாமா. வராட்டி ஆருக்கும் தெரியாது. வந்து நிண்டிட்டு வெளிக்கிட்டுப் போனாத் தெரியும்.”

செயலாளர் அண்ணை பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். “உம்மடை தங்கச்சி கோலிலை நிக்கிறா எண்டு கதைக்கிறீர்.”

“ஓம். நிக்கிறா.”

 பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெளியூர் ஆட்டக்காரர் பற்றிச் சண்டை வந்தது, தண்ணீர் மோட்டர் பற்றி இன்னொரு சண்டை. கூட்டம் ஒரு முடிவுமில்லாமல் கலைந்தது. அவரவர் விருப்பம் என்றார்கள். தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை. வெள்ளைத் தாளோடு வீட்டுக்கு வந்தது எனக்கு அதுவே முதல் தடவை.

அந்தப் போட்டிநாள் அப்பாவுக்கு விடுமுறை நாள். நேரலை போடவில்லை, அவருக்கு மட்டும் வீடியோ அழைப்பு எடுத்தேன். அது போசகரின் எண்ணில் சேராது. ஸ்ராண்டும் கொண்டு போகவில்லை. கேற்றால் உள்ளே போய், கோலுக்குப் பின்னால், வலைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றேன். அம்மா வந்தா. இன்னும் கொஞ்சப் பெண்கள் வந்தார்கள், அணிப் பெண்களின் தாய்மார் அதிகம். முன்பு நிற்கும் கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. செயலாளர் அண்ணை வரவில்லை. மாமா வந்தார், ஆனால் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்.

“உள்ளுக்கு வாங்கோ மாமா.”

“நான் பகிஷ்கரிப்பிலை நிக்கிறன்” என்றார். பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாமலே தொடங்கினார். “இதோ புதுக்குடியிருப்பு அணியின் வலதுபக்க ஆட்டக்காரி பந்தை மிக இலாவகமாக நகர்த்திச் செல்கின்றார்.” கதிரையிலிருந்த மச்சான் திரும்பிப் பார்த்தார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமா நின்றது வீதியில்.

போட்டி தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அந்த வலதுபக்க ஆட்டக்காரி நேராக ஓடி வந்தாள். தங்கச்சி முன்னால் போனாள், நின்றாள், பந்து அவளுடைய கால்களுக்கு நடுவால் உருண்டு வந்து வலையில் என் முழங்காலுக்கு முன்னால் நின்றது. எல்லாம் என் போனுக்குள், ஒரு துளிகூட விடுபடாமல்.

தங்கச்சி பந்தை எடுக்கத் திரும்பினாள். போனைப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது.

“அப்பா நிக்கிறாரோ?”

“ஓம்.”

“பாத்தவரோ?”

“பாத்தவர்.”

“நல்ல நேரம் பாத்துக் காட்டினனீ” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

போனுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திரைக்கு மிகக் கிட்டவாக முகத்தை வைத்திருந்தார். “பிள்ளை, அவளிட்டைச் சொல்லு, முன்னுக்குப் போகேக்கை காலைச் சேக்கச் சொல்லி.”

“அப்பா காலைச் சேக்கட்டாம்” என்றேன்.

“தெரியும் எண்டு சொல்லு.”

“தெரியுமாம் அப்பா.”

“தெரிஞ்சோ விட்டவள்?”

தங்கச்சிக்கு அது கேட்டுவிட்டது. பந்தை நடுவுக்கு ஓங்கி எறிந்தாள். கையுறையின் பட்டியை வாயால் இழுத்து இறுக்கினாள். வேலிக்கு வெளியே மாமா, “பதட்டம் வேண்டாம் மகளே, ஆட்டம் இன்னும் ஆரம்பமே” என்று இலக்கணத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா யாரையோ திட்டினா, யாரையென்று தெரியவில்லை. இந்தப் போட்டி முடிந்து ஆண்கள் இறங்கும்போது இங்கே நிற்பவர்களில் எத்தனை பேர் கிளம்பிப் போவார்கள், எத்தனை பேர் சும்மா பார்ப்போம் என்று நின்றுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் போவேன் என்பது மட்டும் தெரிந்தது.

“பிள்ளை, கையை ஆட்டாதை” என்றார் அப்பா. “எனக்கு வடிவாத் தெரியேல்லை.”

இரண்டு கையாலும் போனைப் பிடித்தேன். தங்கச்சி கோல் கோட்டில் நின்று, காலைச் சேர்த்து, பிறகு கொஞ்சம் அகட்டி, பிறகு மறுபடி சேர்த்தாள். அந்த வலதுபக்க ஆட்டக்காரி மறுபடியும் பந்தோடு வந்துகொண்டிருந்தாள்.